தண்ணியை விட்டவர்கள்

5.7.91, வெள்ளி

வெயில். மேகம்கூட இல்லை. குழாயில் காற்று மட்டும் வருகிறது. காலையிலேயே தண்ணீர் லோரி, சந்து முனையில் ஹார்ன். வாளி நான்கு, பெரிய டிரம் ஒன்று. தூக்கியது நானும் அம்மாவும்.

சேகர் தூக்கவில்லை. தூக்கக் கூடாதாம். ஜிம்மில் இரும்பு தூக்கலாம், வீட்டுக்கு வாளி தூக்கக் கூடாது. மாஸ்டர் உத்தரவு. தோள் ஒரு பக்கம் இறங்கிவிடுமாம். என் தோள் எந்தப் பக்கம் இறங்கினாலும் யாருக்கும் கவலை இல்லை.

இன்னும் இரண்டு வாரத்தில் டவுனில் மாநில ஆணழகன் போட்டி. ஆணழகன்! என் தம்பி. டயர் கடையில் வேலை. படிவம் மூன்றோடு பள்ளிக்குக் கும்பிடு போட்டவன்.

அவனுக்குச் சமைக்க அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு நியாலாஸிலிருந்து இங்கே புக்கிட் பெருவாங் வந்து தங்கியிருக்கிறாள். நான் கோலாலம்பூரில் படித்த வருஷங்களில் ஒரு தடவைகூட வரவில்லை. பட்டமளிப்புக்கும் வரவில்லை. "பஸ்ஸுல வாந்தி வரும் பாப்பா" என்றாள். இப்போது வரவில்லை போலிருக்கிறது, வாந்தி.

அவன் சாப்பாடு: கோழி நெஞ்சுக்கறி, தோல் இல்லாமல், உப்பு இல்லாமல், அவித்தது. முட்டை வெள்ளை. பச்சைக் காய். மஞ்சள் கரு எல்லாம் எனக்கு. இந்த வாரம் முழுக்க மஞ்சள் கருப் பொரியல்.

நான் வேலை செய்யும் லேப்பில் இன்று சோதிக்கச் சிறுநீர் நிறைய. சக்கரை வியாதிக்காரர்கள். சோப்பு வாங்க மறந்தேன்.

7.7.91, ஞாயிறு

நேற்று மதியம் அப்பா தோட்டத்திலிருந்து வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வரும் வழியில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா பிடித்துக்கொண்டார். "அண்ணே, தெரியுமா, உங்க மவன் தண்ணியக் கொறச்சிட்டாரு. கொஞ்ச நாள்ல சுத்தமா விட்டுருவாராம். ரொம்பக் கட்டுப்பாடு லா!"

அப்பா உள்ளே வந்து செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. உட்கார்ந்தார். கோப்பியைத் தொடவில்லை. சேகர் குளித்துவிட்டு (அரை வாளி) வந்ததும் ஆரம்பித்தார். நான் அறைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"எப்பலேருந்துடா?"

"என்னாப்பா?"

"தண்ணி."

"அதுவா. மாஸ்டர்கிட்ட சேந்ததுலேருந்துதான்."

"மாஸ்டரா? வாத்தியாரே ஊத்திக் குடுக்கறானா?"

"ஊத்தியெல்லாம் குடுக்கறதில்ல. நாங்களே போத்தல் கொண்டு போவோம்."

"ஒரு நாளைக்கு எவ்ளோ குடிப்ப?"

"முன்னயா? நாலு லிட்டர்."

அப்பா, மெதுவாக, "நாலு லிட்டரா? நானே அவ்ளோ குடிச்சதில்லடா."

அம்மா அடுப்படியில் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. சேகருக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. "ஐயோ அப்பா, பச்சத் தண்ணி லா! குடிக்கிற தண்ணி!" அப்பாவும் சிரித்தார். ஆனால் கண் கலங்கியிருந்தது. பாவம், தன்னைப் பார்த்துத்தான் பிள்ளை பழகிவிட்டான் என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டே நடந்திருக்கிறார்.

சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "சரி. தண்ணி தண்ணிதான். நீ ஒன் தண்ணிய விடு, நான் என் தண்ணிய விடறேன். மாஸ்டரு சொன்ன அளவ நீ தாண்டுனா நீ தோத்த, நான் வாய வெச்சா நான் தோத்தேன். பந்தயமா?"

"பந்தயம்ப்பா."

கை அடித்துக்கொண்டார்கள். அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

பல்கலைக்கழகத்துக்குள் நுழைய எழுதும் ஆறாம் படிவப் பரீட்சைக்கு முந்தின வாரம் நானும் கேட்டேன். பரீட்சை முடிகிற வரைக்கும், அப்பா. அழுதுதான் கேட்டேன். "சரி பாப்பா" என்றார். அன்று சாயங்காலமே சம்சுச் சாராய வாடையோடு லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, மகள் பரீட்சை எழுதப் போகிறாள் என்று வருகிற போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார். காதைப் பொத்திக்கொண்டு படித்தேன்.

எனக்காக முடியாதது நாலு லிட்டர் வேடிக்கையில் முடிந்துவிட்டது.

10.7.91, புதன்

லோரி தாமதம். வரிசையில் பத்து வீட்டுப் பெண்கள். சேகர் வேலைக்குக் கிளம்பி, மோட்டோவை வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். கையில்லாத பனியன். வேண்டுமென்றேதான்.

ஸ்டெல்லா அக்கா: "டேய், ஒடம்ப இவ்ளோ வளத்து வெச்சிருக்க. ஒங்கக்கா வாளி தூக்கறா, நீ நிக்கிற. உப்பு போட்டுத்தான் திங்கிறியா நீ?"

சேகர்: "இல்லக்கா. உப்பே போடறதில்ல."

வரிசை முழுக்கச் சிரிப்பு. ஒருத்தர் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டார். திட்டவும் செய்கிறார்கள், ரசிக்கவும் செய்கிறார்கள். அதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் நான் இரண்டு நாள் தூங்கியிருக்க மாட்டேன்.

அவனுக்கு நாக்கு எங்கிருந்து வருகிறது? ஒரே வயிற்றில்தானே பிறந்தோம். நான் லேப்பில் ஒரு வருஷமாக வேலை செய்கிறேன், அங்கே ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் இன்னும் என்னிடம் "மிஸ், உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள்.

சுவரில் என் பட்டமளிப்புப் படம். அதற்குக் கீழே ஆள் உயரக் கண்ணாடி வைத்திருக்கிறான். வருகிறவர்கள் எல்லாரும் கண்ணாடியைப் பார்க்கிறார்கள்.

பஸ் பாஸ் புதுப்பிக்க வேண்டும். தலைவலி.

13.7.91, சனி

அப்பா வந்திருக்கிறார். குடிக்கவில்லை. ஒரு வாரமாக. அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. தோட்டத்து ஆள் ஒருவர் வந்து சாட்சி சொல்லிவிட்டும் போனார்.

சவரம் செய்திருந்தார். கோப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். பிசாங் கோரேங், வாழைப்பழப் பொரியல், பொட்டலம் ஒன்று, சேகர் சாப்பிட முடியாது என்பதை மறந்து அவனுக்காக வாங்கியது. நான் சாப்பிட்டேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் வாசல் படியில். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடக்கிற நோயாளிகள் மாதிரி.

"நாக்கு வறளுதாடா?"

"ஆமாப்பா. ஒனக்கு?"

"எனக்குப் பல்லு வரைக்கும் வறளுது."

"கனவுல வருதாப்பா?"

"முந்தாநாளு வந்துச்சு. போத்தல் போத்தலா."

"எனக்குக் குழாய்."

சிரிப்பு. முதுகில் ஒரு தட்டு. அப்பா என் முதுகில் தட்டியதில்லை. பெண் பிள்ளை, சரி. ஆனால் தலையில் கை வைத்திருக்கலாம்.

அம்மா பாத்திரம் கழுவும்போது என் காதில், "இந்தப் போட்டி முடியவே கூடாது பாப்பா." எனக்கும் அதுதான். அப்பாவைச் சாயங்காலத்தில் இப்படிப் பார்த்து எத்தனை காலம். சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தையும் சேகர்தான் கொண்டுவந்து கொடுத்தான் என்பது தொண்டையில் மீன் முள்.

16.7.91, செவ்வாய்

நாளையிலிருந்து ஒரு நாளைக்கு அரை கிளாஸ் தண்ணீர்தான். மாஸ்டர் சொல்லிவிட்டார்.

முதல் முறையாக என்னிடம் ஓர் உதவி கேட்டான். "க்கா, லேப்ல உப்பே இல்லாத தண்ணி இருக்கும்ல, காய்ச்சி வடிச்சது. ஒரு போத்தல் கொண்டாயேன். அரை கிளாஸ்னாலும் அதக் குடிச்சா நல்லதாம்." என் நாலு வருஷப் படிப்பால் அவனுக்கு ஆகக்கூடிய ஒரே உபயோகம் ஒரு போத்தல். முடியாது என்றேன். பிறகு, எப்படித் துணிச்சல் வந்ததோ, உட்காரச் சொல்லி விளக்கினேன்.

உப்பு அதிகமானால் உடம்பு ஊதும், அது உண்மை. கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் என் முகமே சாட்சி. மாஸ்டர் முழுக்கத் தப்பில்லை. ஆனால் அவர் நினைக்கிற மாதிரி, தண்ணீர் என்பது தசைமேல் போர்த்திய போர்வை இல்லை, உருவிப் போட்டால் தசை தெரிவதற்கு. தசையே முக்கால்வாசி தண்ணீர். உப்பைச் சுத்தமாக நிறுத்தினால் சிறுநீரகம் இருக்கிற உப்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரை நிறுத்தினால் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் போவது தோலுக்கு அடியில் இருந்து மட்டுமா? ரத்தத்திலிருந்து, தசையிலிருந்து. நரம்பு புடைப்பது ரத்தம் ஓடுவதால்தானே. கடைசி இரண்டு நாள் சோறும் கிழங்கும் தின்று தசையை உப்ப வைக்கப் போகிறாய், அந்த மாவுச் சத்து தசைக்குள் தங்கத் தண்ணீர் வேண்டாமா?

"மீன வெயில்ல போட்டா என்னாகும் சேகர்? எலும்பு தெரியும். சதை தெரியுமா? கருவாட்டுக்கு ஏதுடா மசில்?"

யோசித்தான். ஒரு நொடி நிஜமாகவே யோசித்தான். பிறகு கண்ணாடியைப் பார்த்தான்.

"மாஸ்டர் ரெண்டு தடவ கப் வாங்குனவரு. நீ போய் மூத்திரத்த டெஸ்ட் பண்ணுக்கா."

அம்மாவும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சரி. காயட்டும்.

18.7.91, வியாழன்

"காயட்டும்" என்று எழுதியது இருக்கட்டும். கோடு போட்டு அடிக்கவில்லை.

விடிந்ததும் சத்தம். சேகர் தரையில், இரண்டு கெண்டைக்காலையும் பிடித்துக்கொண்டு. தசை கல்லாக உருண்டு நின்றது. அம்மா தைலம் தேய்த்தாள், நான் பாதத்தை மடக்கிப் பிடித்தேன். உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. வாய் நாற்றம்.

வலி விட்டதும் கண்ணாடி முன்னால் நின்றான். நானும் பார்த்தேன். போன வாரம் முன்கையில் ஓடிய நரம்புகள் இல்லை. நெஞ்சு காற்றுப் போன டயர். தோல் மட்டும் முன்பைவிடத் தொளதொளப்பாக. நான் சொன்னது ஒவ்வொன்றும் அவன் உடம்பில் எழுதியிருந்தது.

சந்தோஷமாக இருந்தது. என் தம்பி வலியில் நிற்கிறான், எனக்குப் பரீட்சையில் முதல் மார்க் வந்த மாதிரி இருந்தது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

அம்மா லோரிக்குப் போன பிறகு தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"நீ சொன்னது சரிக்கா. நேத்து ஜிம்லயே தெரிஞ்சிருச்சு. கை சுத்தமா எறங்கிருச்சு."

"அப்பறம் குடியேன்."

"நான் குடிச்சா பந்தயம் முடிஞ்சுரும்."

"முடியட்டும்."

"முடிஞ்சா அப்பா குடிப்பாரு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மேடையில தோத்தா தோத்துட்டுப் போறேன். இன்னும் ரெண்டு நாளாச்சும் அந்த மனுசன் குடிக்காம இருக்கட்டும். அம்மா மூஞ்சியப் பாத்தியா?"

கிளாஸ் என் கையிலேயே இருந்தது.

இவனை நான் மடையன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தே காய்கிறான். அப்பாவுக்காக நான் செய்ததெல்லாம் அழுதது, கோபித்தது, காதைப் பொத்தியது. இவன் உடம்பைக் கொடுக்கிறான். இதிலும் எனக்கு முந்திக்கொண்டான். நல்லவனாக இருப்பதிலாவது எனக்கு ஓர் இடம் விட்டிருக்கக் கூடாதா?

லேப்பில் இரண்டு முறை பெயர் மாற்றி எழுதினேன். திருத்திவிட்டேன்.

19.7.91, வெள்ளி

அரை நாள் லீவு. வீட்டுக்கு வந்தபோது அப்பா ஏற்கெனவே வந்திருந்தார். நாளைய போட்டிக்காக. சேகர் பாயில் படுத்திருந்தான். எழுந்தபோது சுவரைப் பிடித்தான். தலை சுற்றுகிறது என்றான். பேச்சு கொஞ்சம் குழறியது.

பயந்துவிட்டேன். லேப்பில் இப்படி வருகிறவர்களின் ரத்தத்தை நான் பார்க்கிறேன். இது பந்தயம் இல்லை.

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். கொஞ்சம் உப்பு. சர்க்கரை. கலக்கினேன். கூடத்துக்கு வந்தேன். அப்பாவுக்கு நேராக நின்று பேசி எத்தனை வருஷம்!

"அப்பா, தம்பி தண்ணி குடிக்கணும். இப்பவே."

"ஒரு நாளுதானே பாப்பா. மாஸ்டரு…"

"மாஸ்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். படிச்சிருக்கேன்." குரல் உடைந்தது, நிறுத்தவில்லை. "அவன் மேடைக்காகக் காயல. உங்களுக்காகக் காயறான். அவன் குடிச்சா நீங்க குடிச்சிருவீங்கன்னு."

சேகர், "ஏய், சும்மா இரு லா" என்றான்.

அம்மா கதவுப் பக்கம். எனக்குத் திரும்ப அறைக்குள் ஓடிவிடலாம் போல இருந்தது. கிளாஸ் மட்டும் நீட்டியபடி.

அப்பா எழுந்தார். கிளாஸை வாங்கினார். சேகர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி அவன் தலையைப் பிடித்து வாயில் வைத்தார்.

"குடிடா. நீ தோத்துட்ட. நான் ஜெயிச்சிட்டேன். ஜெயிச்சவன் ஒண்ணும் சாராயக் கடைக்கு ஓடிப் போயிட மாட்டான், நீ குடி."

சேகர் குடித்தான். "உப்பு…" என்றான். முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியம். "க்கா, உப்பு இவ்ளோ ருசியா?"

மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, சாயங்காலம் வரைக்கும் கொடுத்தேன். ராத்திரிச் சோற்றில் ரசம். அம்மா உப்புப் போட்டாள்.

அப்பா எங்கும் போகவில்லை.

20.7.91, சனி

போட்டி. மதியம் தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். என் பட்டமளிப்புக்கு வராத அத்தனை பேரும்.

மேடையில் விளக்கு. எல்லாரும் எண்ணெய் பூசி, கறுப்பு மை தேய்த்து. சேகர் வந்தபோது எனக்கே மூச்சு நின்றது. நெஞ்சு நிறைந்திருந்தது. முன்கையில் நரம்பு கயிறு கயிறாக. முதுகைத் திருப்பினான், அம்மா கண்ணை மூடிக்கொண்டாள் ("ஜட்டியோட நிக்கிறானே, சாமி"). அவனுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் வற்றிப் போயிருந்தார்கள். ஒருவன் திரைக்குப் பின்னால் கால் இழுத்து விழுந்ததாகப் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் பரிசு. வேன் ஆட்கள் போட்ட கூச்சலில் அறிவிப்பாளர் நிறுத்திவிட்டார்.

வெளியே மாஸ்டர் சேகரின் தோளைத் தட்டி எல்லாருக்கும் விளக்கினார். "பாத்தீங்களா? உப்பும் தண்ணியும் கட். அதான் ரகசியம். சொன்னபடி கேட்டான் பையன்."

சேகர் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு, "ஆமா மாஸ்டர்" என்றான்.

ஒரு கிளாஸ் உப்புத் தண்ணீர். என் மூன்றாம் பரிசு. யாருக்கும் தெரியாது.

வேன் பக்கத்தில் தோட்டத்து ஆள் ஒருவர் அப்பாவைச் சீண்டினார். "என்னாண்ணே, பந்தயம் முடிஞ்சிருச்சு. இன்னிக்கு நனைக்கலாமா?" அப்பா சிரித்துக்கொண்டே, "முடிஞ்சிருச்சுதான். இனிமே எவன்கிட்ட கட்டறது?"

"என்கிட்ட கட்டுங்கப்பா." நான்தான் சொன்னேன். அத்தனை பேர் முன்னால். காது சுட்டது.

அப்பா திரும்பினார். "நீயா பாப்பா? நீ எத விடுவ?"

யோசித்து வைக்கவில்லை. விட என்னிடம் என்ன இருக்கிறது? உண்மையாக விட வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை அங்கே சொல்ல முடியாது. கோப்பி என்றேன்.

"கோப்பியா!" எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கை நீட்டினார். கை அடித்தோம். காய்ப்பு ஏறிய உள்ளங்கை, சூடு.

24.7.91, புதன்

இரண்டு தூறல். அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். அம்மா விட்டுப் போன மஞ்சள் கரு இன்னும் கிண்ணத்தில். கொட்டினேன்.

சேகர் மூன்று வேளையும் மீ கோரேங் நூடுல்ஸ். முகம் பலாப்பழம் மாதிரி ஊதிவிட்டது. "உப்புக்கா" என்று கண்ணாடியிடம் சொல்கிறான்.

கோப்பி இல்லாமல் தலை பிளக்கிறது. லேப்பில் எல்லாருக்கும் கோப்பி வந்தது, நான் வெந்நீர். லேப் பொறுப்பாளர் மேடம், "விரதமா?" என்றார். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் பொதுத் தொலைபேசியிலிருந்து தோட்டத்துக் கடைக்குப் போன் போட்டேன். அம்மாவைக் கூப்பிட ஆள் அனுப்பி, அவள் வந்து சேர்வதற்குள் காசு பாதி போய்விட்டது.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"இருக்கோம்."

"அப்பா?"

அதற்கு அம்மா, தம்பி சாப்பிடுகிறானா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது.

"நேத்து சாயங்காலம்" என்றாள். "கொஞ்சம்தான். வந்து படுத்துட்டாரு. சத்தம் போடல." பிறகு, "நான் சொன்னதாச் சொல்லாத. பாப்பாகிட்ட மட்டும் சொல்லிராதன்னு என் கையப் புடிச்சாரு."

தம்பிக்காக இரண்டு வாரம். எனக்காக மூன்று நாள். கணக்கு அதுதான்.

"தம்பிகிட்டயும் சொல்ல வேணாம்னாராம்மா?"

"அவன்கிட்டச் சொன்னா என்னா, அவன் சிரிப்பான். ஒன்கிட்டதான் கூடாதுன்னாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு அந்த மனுசனுக்கு."

லைன் சரியில்லை, கேட்கவில்லை என்று பொய் சொல்லி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.